குளோசோபெட்ரா: நாக்குக்கல்

பழைய ஐரோப்பிய நூல்களில் குளோசோபெட்ரா என்றொரு கல் அடிக்கடி வரும். கிரேக்கத்தில் குளோஸ்ஸா என்றால் நாக்கு, பெட்ரா என்றால் பாறை. தமிழில் நாக்குக்கல். முக்கோணமாய், வழவழப்பாய், முனை கூராய் இருக்கும் இது உண்மையில் பாறையில் புதைந்து கல்லாகிப்போன சுறாப்பல்.

இது வானிலிருந்து விழுவதாகச் சொல்கிறார்கள் என்று முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி எழுதிவைத்தார். மால்டா தீவில் கதையே வேறு: பவுலடியாரைப் பாம்பு கடித்ததும் அவர் சபித்தாராம், பாம்புகளின் நாக்கெல்லாம் கல்லாகிவிட்டதாம். அப்புறம் என்ன, விஷமுறிவு என்று பெயராகி, செல்வர்கள் இதை விருந்து மேசையில் தொங்கவிட்டார்கள், மதுவில் தோய்த்தார்கள். 1616-இலேயே இத்தாலிய அறிஞர் ஃபாபியோ கொலோன்னா இது சுறாப்பல்தான் என்று வாதிட்டார். 1666-இல் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலை புளோரன்ஸில் இருந்த டென்மார்க் உடற்கூறு அறிஞர் நீல்ஸ் ஸ்டென்சனிடம் வந்தது. அறுத்துப் பார்த்த அவர், மறு ஆண்டே பல்லையும் நாக்குக்கல்லையும் ஒப்பிட்டு எழுதினார்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு; எளிதில் அழுகிவிடும். பற்களோ கெட்டியானவை, வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் விழுந்து முளைப்பவை. அமெரிக்காவின் கால்வெர்ட் செங்குத்துக் கரையில் போகிறவர் வருகிறவரெல்லாம் பல் பொறுக்குவது இதனால்தான்.

பொறுக்கியது எந்தச் சுறாவுடையது? பலரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். அது பயனில்லை, கறுப்போ பழுப்போ, புதைந்த மண்ணின் தாது தந்த நிறம் அது, வயதைச் சொல்லாது. விளிம்பையும் வேரையும் பாருங்கள். சேவல் கொண்டைபோல் சாய்ந்து, பக்கத்தில் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் புலிச்சுறா. அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானுக்கு (கிரேக்கத்தில் ‘பெரும்பல்’) வேருக்கு மேலே அகலமான கரும்பட்டை ஒன்று உண்டு, விளிம்பின் ரம்பமும் நுணுக்கமானது. பெருவெள்ளைச் சுறாவுக்கு அந்தப் பட்டை கிடையாது, ரம்பம் முரடு. தட்டையாய், வரிவரியாய் இருந்தால் அது சுறாவே அல்ல, திருக்கையின் அரைக்கும் பல்லாக இருக்கலாம். ஒரே சுறாவின் வாயிலேயே முன்பல்லும் கடைப்பல்லும் வேறு வேறு உருவம் என்பதால், வேர் உடைந்த பல்லுக்கு இனப்பெயர் சொல்ல நிபுணர்களே தயங்குவார்கள்.

ஃபாசில் என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘தோண்டி எடுத்தது’ என்று பொருள். 1546-இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா கனிமங்கள் உட்பட மண்ணில் தோண்டி எடுத்த எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்தினார். தமிழில் தொல்லுயிர் எச்சம், புதைபடிவம் இரண்டும் வழக்கில் உள்ளன. ‘படிவம்’ என்றதும் தாலுகா ஆபீஸ் விண்ணப்பம் ஞாபகம் வரும், சரிதான். ஆனாலும் புதைந்ததையும் பதிந்ததையும் சேர்த்துச் சொல்வதால் என் ஓட்டு புதைபடிவத்துக்கே. நாக்குக்கல் பழங்கதை பேசும்போது இருக்கட்டும். அரியலூர் வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் காலக் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) கடற்பாறைகளிலும் சுறாப்பற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்குச் சீட்டு எழுதும்போது ‘சுறாப்பல் புதைபடிவம்’ என்றே எழுதலாம்.