பஸ்ஸைத் தூக்குகிறவனுக்கு எதற்கு இரண்டு தாயக்கட்டை?

கிளிநொச்சியிலிருந்து ஒரு சாதாரண தர மாணவர் கேட்டிருக்கிறார்: "சனசமூக நிலையத்தில் ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் ஹீரோக்களாகி, சூப்பர் ஹீரோ கதை விளையாட்டு விளையாடுகிறோம். ஹீரோ நினைத்தது நடக்குமா என்று பார்க்க, லூடோப் பெட்டியில் இருந்த ஒரு தாயக்கட்டையைத்தான் உருட்டுகிறோம். பஸ்ஸைத் தூக்கி எறிகிற ஹீரோ, 1 விழுந்தால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் நிற்கிறான். எல்லாரும் சிரிக்க, கதை அதோடு படுத்துவிடுகிறது. தாயக்கட்டையை விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். இன்னொன்றைத் தேடி எடுங்கள்.

ஒரு கட்டையில் ஆறு முகங்களுக்கும் சம நிகழ்தகவு. எவ்வளவு பெரிய வீரனானாலும் ஆறு தரத்துக்கு ஒரு தரம் 1 விழும். இரண்டை உருட்டிக் கூட்டினால் கணக்கு மாறும். பாடக் கொப்பியில் 6×6 நெய்யரி ஒன்று கீறி, 36 கட்டங்களிலும் கூட்டுத்தொகையை எழுதுங்கள். 7 மூலைவிட்டம் முழுவதும் ஓடி ஆறு கட்டங்களைப் பிடிக்கும். 2க்கும் 12க்கும் ஒவ்வொரு கட்டந்தான். அமெரிக்காவில் 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' என்ற சூப்பர் ஹீரோ விளையாட்டு மூன்று கட்டைகளைக் கூட்டியது. அதிலும் இதே பலன்தான்: நடு எண்கள் அடிக்கடி வரும், விபரீதம் அபூர்வமாகும்.

இனித்தான் அழகான இடம். ஹீரோவின் திறனுக்கு +1, +2 என்று ஓர் எண் கொடுத்து, அதைக் கூட்டுத்தொகையோடு சேர்த்து மூன்றாகப் பிரியுங்கள். 10உம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வெற்றிதான், ஆனால் ஒரு விலை உண்டு. 6உம் கீழும் தோல்வி. திறன் +2 என்றால் 36இல் 15 கட்டம் முழு வெற்றி, 15 விலையோடு வெற்றி, 6 மட்டுமே தோல்வி. ஆறில் ஐந்து பங்கு ஹீரோ நினைத்தது நடக்கும். அந்த ஐந்தில் பாதிக்கு அவன் எதையாவது இழக்க வேண்டும். கதை பிறப்பது அந்தப் பாதியில்.

ஓர் உதாரணம். மார்கழி மழை. இரணைமடுக் குளத்தில் வான்கதவு ஒன்று இறுகிவிட்டது, கட்டுக்குமேல் தண்ணீர் ஏறப்போகிறது. ஹீரோ கதவைப் பிடித்து இழுக்கிறான். கட்டைகளில் 3உம் 2உம் விழுகின்றன, திறனோடு 7. கதவு திறக்கிறது. ஆனால் கீழே கனகராயன் ஆற்றோரம் மாடு சாய்க்கப் போன பெடியன் இன்னும் கரையேறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதா, ஓடுவதா? அடுத்த அரைமணி நேரக் கதை கையில் வந்துவிட்டது.

கதை நடத்துபவர்கள் பிழைவிடுவதும் இங்கேதான். விலையை உருட்டிய பிறகு யோசித்தால் வாயடைத்து நிற்க வேண்டிவரும். உருட்டுமுன்பே சொல்லிவிடுங்கள், கட்டையைக் கையில் எடுக்கும்போதே எல்லாருக்கும் நெஞ்சு இடிக்கும். "கதவு திறந்தது, உடனே மூடிக்கொண்டது" என்பது விலையல்ல, ஒளித்துவைத்த தோல்வி. விளையாடுகிறவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். திறனையும் +3க்கு மேல் விடாதீர்கள். +4இல் தோல்வி 36இல் ஒன்றுதான். பிறகு ஏன் உருட்டுவான்? வாளி தூக்கவும் உருட்டத் தேவையில்லை. தோற்றாலும் கதை நகரும் என்றால் மட்டும் கட்டையை எடுங்கள்.

தோற்றவருக்கு ஆறுதலாக ஒரு மஞ்சாடி விதை கொடுக்கலாம். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்து +1 வாங்கலாம். உருட்டுமுன் கொடுக்க வேண்டுமா, பின்னா என்பதில் பெரிய வித்தியாசம். +2 திறனுக்கு அந்த +1 முடிவை மாற்றுவது மொத்தம் சரியாக 6 அல்லது 9 வரும்போதுதான், அதாவது 36இல் 9 கட்டம். முன்கூட்டியே கொடுத்தால் நாலில் மூன்று விதை வீண். பின்னர் கொடுத்தால் ஒன்றும் வீணில்லை. ஆகவே பின்னர் என்றால் விதையைச் சிக்கனமாகவே கொடுங்கள்.

"மூன்று தரம் சின்னதாய் விழுந்தது, இனிப் பெரிசுதான்" என்று யாராவது சொல்வார்கள். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. பஸ் நிலையத்தில் ராசி எண் பார்த்து லொத்தர் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். நிகழ்தகவைக் கடந்தகால வினாத்தாளில் மட்டும் படிப்பிக்கிற பள்ளிக்கூடங்கள் மாதத்தில் ஒரு பாடவேளையை இப்படியொரு விளையாட்டுக்குக் கொடுத்தால், செலவு இரண்டு கட்டைகளின் விலைதான்.

அதுவும் இல்லையென்றால் புளியங்கொட்டை போதும். நாலு கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் சீமெந்துத் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்து எறியுங்கள். மூன்று அல்லது நாலு வெள்ளை முழு வெற்றி (16இல் 5), இரண்டு விலையோடு வெற்றி (16இல் 6), மிச்சம் தோல்வி (16இல் 5). பலசாலிக்கு ஐந்து கொட்டை கொடுங்கள், அதே எல்லைகளில் அவனுடைய முழு வெற்றி சரிபாதியாகும். கொட்டை கோடாததா, அதாவது இரண்டு பக்கமும் சமமாக விழுமா என்று பார்க்க ஒவ்வொன்றையும் 50 தரம் எறியுங்கள். வெள்ளை 18க்கும் 32க்கும் இடையில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே போனால் வேறு கொட்டை எடுங்கள்.