பெட்ரோல் வாடை எங்கிருந்து, மைலேஜ் போனது எங்கே?

பழைய காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, மைலேஜும் விழுந்துவிட்டது என்றால் தயவுசெய்து முதல் வேலையாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். அம்பாசிடரோ, பத்மினியோ, நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, எதுவானாலும் நடப்பது ஒன்றுதான்: மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு கார்புரேட்டருக்குத்தான் போவார், கால் சுற்று திருகுவார், "இப்ப பாருங்க சார்" என்பார். ஒரு வாரம் கழித்து வாடையும் அப்படியே இருக்கும், மைலேஜும் அப்படியே இருக்கும், கூடவே ஐடிலிங்கும் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது) கெட்டிருக்கும்.

வாடையும் மைலேஜும் சேர்ந்தே வருவதால் இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

நம் மூக்கு பெட்ரோல் விஷயத்தில் அநியாயத்துக்குக் கூர்மையானது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே பலருக்கும் தெரிந்துவிடும். அதே ஆவி தீப்பிடிக்க வேண்டுமானால் காற்றில் சுமார் 1.4 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 14,000 பங்கு சேரவேண்டும். ஆகவே வாடை பலமாக இருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று சொல்லவே முடியாது. எங்கிருந்து போகிறது என்று மட்டும்தான் மூக்கு சொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சுமார் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் மணிக்கு 180 மில்லி. கார் கிண்டி, சைதாப்பேட்டை நெரிசலில் ஒரு மணி நேரத்தில் மூன்று லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒழுகல் அதில் 6 சதவீதம். நொடிக்கு ஒரு சொட்டு என்பது தரை நனைகிற ஒழுகல், உடனே வண்டியை நிறுத்தவேண்டிய ஆபத்து. அதுவே மைலேஜில் 6 சதவீதம்தான் தின்கிறது என்றால், ஹோஸ் ஓரத்தில் லேசாக ஈரம் காட்டுகிற கசிவு எதையும் தின்னவில்லை. லிட்டருக்கு ஒன்பது கொடுத்த வண்டி ஆறுக்கு இறங்கியிருந்தால் போன பெட்ரோல் கசிந்து போகவில்லை, சைலன்சர் வழியாகப் போயிருக்கிறது.

சரி, முதலில் மைலேஜ் உண்மையிலேயே விழுந்ததா? பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள், பழைய வண்டியில் அது ஒரு அலங்காரம். டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரைக் கணக்கிடுங்கள். டயரின் அளவோ வகையோ மாற்றியிருந்தால் ஓடோமீட்டரும் தப்பு சொல்லும், ஜி.எஸ்.டி. சாலையில் கிலோமீட்டர் கற்களோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள், போதும். இன்னொன்று, 1,500 சிசி எஞ்சின் சும்மா நின்று உறுமினாலே மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போய்விடும். மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையை மறித்த பிறகு உங்கள் மைலேஜ் குறைந்திருந்தால் அதற்கு மெக்கானிக் என்ன செய்வார்?

எத்தனாலையும் இங்கேயே கணக்கில் சேர்த்துவிடலாம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் மொத்தத்தில் குறைவது சுமார் 6, 7 சதவீதம். ஒன்பது எட்டரை ஆனால் எத்தனாலைத் திட்டலாம். ஒன்பது ஆறானதற்கும் எத்தனாலையே திட்டுகிறவர்கள் உண்டு, அது நியாயமில்லை. அதன் உண்மையான கைவரிசை வேறு இடத்தில்: பழைய ரப்பர் ஹோஸ், பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு, பழைய கேஸ்கெட் எல்லாவற்றையும் அது உப்பவைக்கும், பிறகு விரிசல் விடவைக்கும். நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில் டேங்குக்குள் துருப்பிடிக்க அது வழி செய்துகொடுக்கும்.

அடுத்தது சைலன்சர். பெட்ரோல் முழுசாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் கூடினால் அதை ரிச் என்கிறோம். கார்பன் மோனாக்சைடு அதிகமாகும், பிளக் முனை கரிபிடித்து மைபோலக் கறுக்கும். அதுவே கலவை சரியாக இருந்து, தீப்பொறி விட்டுவிட்டு வந்தால், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகும். கார்பன் மோனாக்சைடு ஏறாது, ஹைட்ரோகார்பன்தான் ஏறும். வெளியே நின்று மோந்து பார்த்தால் இரண்டுமே கண்ணை எரிக்கும், வித்தியாசம் தெரியாது. ஆனால் அதைப் பிரித்துச் சொல்லும் கருவி உங்கள் தெருமுனைப் பெட்ரோல் பங்கிலேயே இருக்கிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழை போலீஸ்காரருக்குக் காட்டுகிற காகிதமாகவே நினைத்துவிட்டோம். அதில் இரண்டு எண்கள் உண்டு, 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) என்பது வரம்பு. முதல் எண் ஏறியிருந்தால் கலவைப் பக்கம் பாருங்கள். முதல் எண் சாதாரணமாக இருந்து இரண்டாவது மட்டும் எகிறியிருந்தால் தீப்பொறிப் பக்கம் பாருங்கள்: பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, சிபி பாயின்ட், கண்டென்சர். குழாயை உண்மையிலேயே சைலன்சருக்குள் விட்டு அளக்கிற இடமாகப் பார்த்துப் போகவேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனையில் மாட்டாத மூன்று திருடர்கள் உண்டு. சென்னை வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கிற வால்வை. "நம்ம வெயிலுக்கு எதுக்கு சார் அது" என்று சொல்லி எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். வெளியே 38 டிகிரி அடிப்பது நமக்குத்தான் வெயில். எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் இருக்கவேண்டிய பொருள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ரேடியேட்டர் முழு வேகத்தில் குளிர வைத்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் சூடேறவே நேரம் எடுக்கும், ஈசிஆரில் வேகமாகப் போகும்போது மறுபடியும் ஆறும். ஆறிய எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஈரமாக ஒட்டும், ஆயில் கெட்டியாகவே இருக்கும், உராய்வு கூடும். ஓவர்ஹீட் ஆகிற வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது வைத்தியமே இல்லை, ரேடியேட்டரைச் சுத்தம் செய்யவேண்டும்.

இரண்டாவது, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் டயாஃப்ரம். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சீராக ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் அது மெதுவாக எரியும். மெதுவாக எரிவதற்குத் தீப்பொறி முன்கூட்டியே விழவேண்டும். கார்புரேட்டரிலிருந்து வரும் உறிஞ்சல் இந்த டயாஃப்ரத்தை இழுத்து அதைச் செய்கிறது. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் வண்டி ஓடும், ஸ்டார்ட் ஆகும், இழுவையும் இருக்கும், எந்தப் புகாரும் இருக்காது. பெட்ரோல் மட்டும் தாமதமாக எரிந்து, வேலைக்கு ஆகவேண்டிய சூடு சைலன்சரோடு போகும். சோதனைக்குக் கருவி வேண்டாம். மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் முனையில் குழாயைப் பிடுங்கி, துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகரவேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த தட்டு அப்படியே நிற்கவேண்டும். திரும்பி வந்தால் கிழிசல்.

மூன்றாவது பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. சமதரையில் நியூட்ரலில் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும், விளக்கம் தேவையில்லை.

இனி வாடை. எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. டேங்கை நிரப்பிய அன்று மட்டும், அதுவும் வளைவில் திரும்பும்போது வந்தால், டேங்க் கழுத்து ரப்பரும் மூடியும், பெட்ரோல் முள்ளுக்கு அளவு சொல்கிற கேஜ் யூனிட்டின் கேஸ்கெட்டும்தான். ஹெரால்டில் டேங்கே டிக்கிக்குள் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும், அங்கே சின்னக் கசிவும் நேராகப் பின்சீட்டுக்கு வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையில்தான் தேங்கும். அதனால் டிக்கிக்குள் தேடும்போது குனிந்து தரைவிரிப்புக்கு அடியில் மோந்து பாருங்கள்.

ஓட்டிவிட்டு நிறுத்திய பத்தாவது நிமிடம் பானெட் பக்கமிருந்து வாடை வருகிறதா, மறுபடி ஸ்டார்ட் செய்யவும் தகராறு பண்ணுகிறதா? பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் எஞ்சினை நிறுத்தினால் ஃபேனும் நிற்கிறது, எஞ்சின் சூடு முழுதும் கார்புரேட்டருக்கு ஏறுகிறது, அதன் ஃப்ளோட் சேம்பர் என்கிற சின்னக் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. இந்த வண்டிகளுக்கு இன்றைய கார்களில் உள்ள, ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா கிடையாது, ஆவி நேராக வெளியேதான் வரும். கொஞ்சம் வாடை வந்தால் பிறவிக்குணம் என்று விடலாம். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்க இருக்கவேண்டிய கனமான பேக்கலைட் ஸ்பேசரை யாராவது தூக்கிவிட்டு வெறும் கேஸ்கெட் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்ப் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அது நல்ல சேதிபோல வேஷம் போடும். ஹெரால்டு, பத்மினி இரண்டிலும் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், கேம்ஷாஃப்ட் அதன் கையை ஆட்டும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமல் உள்ளேயே இறங்கி ஆயிலோடு கலந்துவிடலாம். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் குறையாமல், போன மாதத்தைவிட ஏறியே இருக்கும். "பரவாயில்லை, வண்டி ஆயிலே குடிக்கலை" என்று சந்தோஷப்படாதீர்கள். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள், இரண்டு விரலுக்கு நடுவே ஒரு துளி தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு இல்லாமல் தண்ணீராக இருந்து பெட்ரோல் நெடி அடித்தால் அந்த ஆயிலோடு வண்டியை எடுக்காதீர்கள், பேரிங் போய்விடும். பம்ப்புக்கு ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலமாரியில் பல வருஷம் தூங்கிய ஒரிஜினலைவிடப் புதிதாக வந்த டூப்ளிகேட்டே இதில் மேல் என்பது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பெட்ரோல் வாடையாக இல்லாமல் புகை வாடையாக உள்ளே வந்தால், அதுவும் ஓடும்போது மட்டும் வந்தால், எஞ்சினை விட்டுவிட்டு டிக்கியைப் பாருங்கள். ஓடுகிற காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். சைலன்சர் புகை அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். பின் ஜன்னலைத் திறந்தால் உள்ளேயும் அழுத்தம் குறைந்து, டிக்கி விளிம்பு ரப்பரான பீடிங்கில் இருக்கிற இடைவெளி வழியாக அந்தப் புகை பின்சீட்டு வழியே உள்ளே இழுக்கப்படும். டிக்கி விளிம்பில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் செத்துவிட்டது. பின் விளக்கு கேஸ்கெட், துருப்பிடித்த தரைத்தகடு இவற்றையும் பாருங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, கூட வருகிற மற்ற புகைதான் மூக்குக்குத் தெரிகிறது. குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வரும்போது பின்சீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் தலைவலி என்றால் அது வெயிலால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்தபிறகும் கார்பன் மோனாக்சைடு எண் இறங்கவில்லை என்றால் இப்போது கார்புரேட்டருக்கு வாருங்கள். முதலில் சோக், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கலவையை ரிச்சாக்குகிற சாதனம். சென்னைக் குளிருக்குச் சில நொடி போதும், ஆனால் கேபிள் முழுசாகத் திரும்பாமல் பாதியில் நின்றால் நாள் முழுக்க ரிச்சாகவே ஓடும். அடுத்து ஃப்ளோட். மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை செய்கிற அதே வேலைதான்: பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறி நீடில் வால்வை அடைக்கும். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே களக் களக் என்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருக்கிறது, அது இனி முழுசாக மிதக்காது.

கடைசியாக ஜெட். மெக்கானிக் திருகுகிற அந்த மிக்சர் ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டுமானது. சாலையில் ஓடும்போது பெட்ரோலை அளந்து விடுவது மெயின் ஜெட். சோலெக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டில் 115 என்று பொறித்திருந்தால் துளை 1.15 மில்லிமீட்டர். பல வருஷமாக அடைப்பெடுக்கிறேன் என்று இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்து அது 1.20 ஆகியிருந்தால் துளையின் பரப்பு 9 சதவீதம் கூடிவிட்டது, பெட்ரோலும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, பொறித்த எண்ணும் 115 என்றே இருக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய கார்புரேட்டரிலிருந்து எடுத்த ஜெட்டை வாங்கிப் போட்டால் அதையும் இதேபோல் யாரோ குடைந்திருப்பார்கள். புதியதாக, எண் பார்த்து, காற்றை அளந்து விடும் ஏர் ஜெட்டோடு சேர்த்து வாங்குங்கள், அடைத்துக்கொண்டால் காற்றடித்து எடுங்கள்.