காற்றடைத்த பையா, விரிபையா?

கார் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு தாளை என் முன்னால் நீட்டினார். காரின் முன்னிருக்கையைக் கழற்றி மாட்டும் செய்முறை, தமிழில்தான் அச்சாகியிருந்தது. 'எச்சரிக்கை' என்ற தடித்த எழுத்துக்குக் கீழே இப்படி ஒரு வாக்கியம்: "இருக்கையில் உள்ள காற்றடைத்த பை தற்செயலாக வரிசைப்படுத்தப்படலாம், முதலில் அதை நிராயுதபாணியாக்கவும்."

"இதைப் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பையன் காற்றை இறக்குவதற்கு வால்வைத் தேடிக்கொண்டிருந்தான் சார்" என்றார் நண்பர். பையன்மேல் குற்றமில்லை. காற்றடைத்த பை என்று எழுதினால் எவனும் வால்வைத்தான் தேடுவான்.

தாள் சொல்ல வந்தது ஏர்பேக்கை, மோதலின்போது சட்டென்று விரிந்து ஆளைக் காக்கும் பையை. 'ஏர்பேக்' என்ற சொல்லுக்குப் பெரிய வரலாறு கிடையாது. காற்று, பை என்னும் இரண்டு சாதாரண ஆங்கிலச் சொற்களின் ஒட்டு. 1953-இல் அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் காப்புரிமை பெற்றபோது அதை 'பாதுகாப்பு மெத்தை' என்றுதான் குறித்தார். பை பிறகு வந்தது. ஜெர்மானியர் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் 'உப்பக்கூடிய மெத்தை' என்று சொந்தச் சொல்லும் உண்டு. கவனியுங்கள், உப்பிய மெத்தை அல்ல, உப்பக்கூடிய மெத்தை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் தவறவிட்டது இந்த ஒரு காலக் குறிப்பைத்தான்.

'அடைத்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். சோறடைத்த பானை என்றால் பானைக்குள் சோறு இருக்கிறது. காற்றடைத்த பை என்றால் காற்று ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. (சித்தர் பாட்டில் அது நம் உடம்பு, அங்கே சொல் பொருந்துகிறது.) கார் இருக்கையின் பக்கவாட்டில், தையலுக்கு உள்ளே கிடக்கும் பையிலோ காற்று துளியும் இல்லை. மடித்து வைத்த வெறும் துணி அது. அதோடு ஒரு வாயு உண்டாக்கி; அதற்குள் மின்சாரம் பட்டால் பற்றிக்கொள்ளும் மருந்து. மோதலை உணர்ந்த கணினி அனுப்பும் சிறு மின்னோட்டம் அந்த மருந்தைக் கொளுத்துகிறது. முன்பக்கப் பை விரிந்து முடிய ஏறத்தாழ 30 மில்லிநொடி போதும். பக்கவாட்டுப் பைக்கு அதைவிடக் குறைவு. நிரப்புவதும் நாம் மூச்சுவிடும் காற்றல்ல. பழைய வகைகளில் நைட்ரஜன். வேறு சிலவற்றில் அழுத்தி வைத்த ஆர்கானோ ஹீலியமோ.

ஆக, இல்லாத காற்றை இருப்பதாகச் சொல்கிறது இந்தச் சொல். இருக்கிற வெடிமருந்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம். இருக்கையைக் கழற்றுகிறவருக்கு அப்படியல்ல. காற்றடைத்த பைதான் என்றால் பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையை எதற்காகக் கழற்ற வேண்டும்? கழற்றிய பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக மின்தேக்கியில் கொஞ்சம் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கிறது. அது வடிய வேண்டும். சில வண்டிகளுக்கு ஒன்றரை நிமிடம், சிலவற்றுக்குப் பத்து நிமிடம். அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. அதன் பிறகுதான் இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் இணைப்பானில் கை வைக்கலாம். அந்த இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மின்தடை பார்ப்பது கூடவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே மருந்தைக் கொளுத்திவிடலாம். கழற்றிய இருக்கையை, பை இருக்கும் பக்கம் நம் மார்பைப் பார்க்காமல் தூக்க வேண்டும். இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கணினியில் கோளாறு பதிவாகிவிடும். சொல் சரியாக இருந்தால் இவற்றில் பாதி தானாகவே விளங்கும். தவறான சொல்லை வைத்துக்கொண்டு பத்து எச்சரிக்கை எழுதினாலும் பையன் வால்வைத்தான் தேடுவான்.

'காற்றுப்பை' என்று சுருக்கினாலும் பயனில்லை. அது பறவையின் உடம்பில் இருப்பது. தனித்தமிழ் அன்பர்கள் 'வளிப்பை' என்பார்கள். சொல் தூய்மையானதுதான், ஆனால் அதே பிழை. தவிர, வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்று நாடி பார்த்த ஊரில் வளிப்பை என்றால் வயிற்று உபாதை போலக் கேட்கிறது. 'உப்புபை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கருத்து சரி, ஆனால் மளிகைக் கடை வாசனை அடிக்கிறது.

என் கட்சி 'விரிபை'. ஊறுகாய் போல வினைத்தொகை. நேற்று ஊறிய காய், இன்று ஊறுகின்ற காய், நாளை ஊறும் காய் எல்லாம் ஊறுகாய்தான். மடித்துக் கிடக்கும்போது விரியும் பை, மோதலின்போது விரிகின்ற பை, வெடித்து முடிந்து குப்பைக்குப் போகும்போது விரிந்த பை: மூன்றும் விரிபை. காலத்தை உள்ளே மறைத்துவைக்கும் இலக்கணம் நம்மிடம் இருக்கும்போது 'அடைத்த' என்று இறந்தகாலத்தைக் கொண்டுவந்து ஏன் மாட்டுகிறார்கள்? இன்னொன்று: பழந்தமிழில் பை என்றால் பாம்பின் படமும்தான். சுருண்டு கிடந்து, சீண்டினால் சட்டென்று விரிவது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஒரே ஒரு நிபந்தனை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவில் ப் போட்டு 'விரிப்பை' என்றால் படுக்கை விரிப்பைத் தேட வேண்டியதுதான்.

'வரிசைப்படுத்தப்படலாம்' என்பதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஆங்கிலத்தில் அது 'டிப்ளாய்'; படைகளைக் களத்தில் நிறுத்துவதற்கும் பை விரிவதற்கும் அதே சொல்தான். மொழிபெயர்க்கும் கணினி அதற்கு 'வரிசைப்படுத்து' என்று ஒரு பொருளைக் கக்கியது. யாரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். பையை யாருடன் வரிசையில் நிறுத்துவது? 'விரியலாம்' என்று ஐந்து எழுத்தில் முடிகிற வேலை. 'நிராயுதபாணி'யும் ('டிஸ்ஆர்ம்' என்ற ஆங்கிலச் சொல்) அதே படைமுகாமிலிருந்து தப்பி வந்தது.

பணக்காரர் வண்டிக்கு மட்டுமான சொல்லாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு இது கட்டாயம். பிறகு முன்பக்கப் பயணிக்கும் கட்டாயமானது. இருக்கையிலேயே பொருத்தியவையும் இப்போது நடுத்தர விலைக் கார்களில் வருகின்றன. தெருமுனைப் பட்டறையில் உறை மாற்றுகிறவர்கூட இதைத் தொட்டாக வேண்டும். பொருந்தாத தமிழைவிட 'ஏர்பேக்' எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அந்தச் சொல் யாரையும் வால்வு தேட வைத்ததில்லை.

தாளின் பின்புறத்தில் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: "இருக்கைக்குள் மருந்து வைத்த விரிபை இருக்கிறது, தவறினால் வெடித்து விரியும். பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகே மஞ்சள் இணைப்பானைத் தொடவும்." நண்பர் படித்தார். "நடுவில் ஒரு ப் விட்டுப்போயிற்றே சார்" என்றார்.