ஆசிட் ஊற்றினால் ரப்பர் பால் ஏன் உறைகிறது?

கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரம் பக்கம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: “அப்பா ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறைந்துவிடுகிறது. அமோனியா ஊற்றினால் உறைவதில்லை. அப்படியானால் ஆசிட்தான் பாலை ரப்பராக மாற்றுகிறதா?”

இல்லை. மரமே ரப்பரைச் செய்து முடித்துவிட்டது. ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் சேர்ந்தது ஓர் ஐசோப்ரீன் அலகு. அப்படி ஆயிரக்கணக்கான அலகுகள் சகப்பிணைப்பால் கோத்த நீண்ட சங்கிலிதான் ரப்பர். சிரட்டையில் சொட்டும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது, மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் நுண்துகள்களாகத் தண்ணீரில் பரவி நிற்கிறது. புத்தகத்தில் கூழ்மம் என்று படிக்கிறோமே, அந்த வகைக் கலவை.

சரி, ரப்பர் ஏற்கெனவே இருக்கிறதென்றால் அது ஏன் தானாக ஒன்றுசேரவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியவை. ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்புப் பொருளும் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். அந்தப் புரதத்தின் அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின் சுமையோடு நிற்கின்றன. எல்லாத் துகளுக்கும் ஒரே சுமை. ஒன்று நெருங்கினால் இன்னொன்று தள்ளிவிடும். பால் பாலாகவே இருப்பது இந்தத் தள்ளலால்தான்.

அப்பா ஊற்றும் ஆசிட், அதாவது பார்மிக் அமிலம், ஹைட்ரஜன் அயனிகளைக் கொண்டுவருகிறது. (1671இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்த அதே அமிலம்.) அயனிகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, சுமை குறைகிறது. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, அமிலம் கூடக் கூட இது குறையும்) ஐந்துக்குக் கீழே இறங்கும்போது தள்ளல் அநேகமாக அற்றுப்போகும். மோதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில், பாலை உறைய ஊற்றிவைத்த டிஷ்ஷில் (தட்டில்) வெள்ளைப் பாளமாகக் கிடக்கும். பசும்பால் தயிராவதும் இந்தக் கணக்கில்தான். அதன் கேசீன் புரதத்துக்கு அந்த எல்லை பிஎச் 4.6.

இதைவிட அழகான சாட்சி ஒன்று உண்டு. அமிலத்தை அளவுக்கு மீறி, மிக வேகமாகக் கலந்தால் சில சமயம் பால் உறையாது! புரதம் நேர்மின் சுமைக்குத் தாவி, மறுபடியும் தள்ளல் தொடங்கிவிடும்.

ஆசிட்டே காட்டாமல் சிரட்டையில் ஒட்டுப்பால் (சிரட்டையில் தங்கித் தானாக உறையும் மிச்சப் பால்) உறைவது பாக்டீரியாவின் வேலை. பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அவை அமிலம் விடுகின்றன. அமோனியா பாக்டீரியாவையும் அடக்கும், காரத்தன்மையைக் கூட்டிச் சுமையையும் காக்கும்.

ஆக, உறைவதில் ரப்பர் சங்கிலியின் ஒரு பிணைப்புகூட மாறவில்லை. புதுப் பிணைப்பு வேண்டுமென்றால் கந்தகம் சேர்த்துச் சூடாக்க வேண்டும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டது அது. கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுவதால்தான் டயர் வெயிலில் இளகுவதில்லை.

அருமனையிலும் கீரிப்பாறையிலும் தோட்டத்துக்குள்ளேயே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கூழ்மத்துக்கு எடுத்துக்காட்டாக மூடுபனியை மட்டும் சொல்லித் தருவது எனக்கு வருத்தம். ஒரு சிரட்டை பாலும் பிஎச் தாளும் வாங்க எவ்வளவு பணம் ஆகிவிடும்? அரசுப் பள்ளி ஆய்வகங்களுக்கு அதையாவது ஒதுக்கலாம்.

அப்பாவிடம் ஒன்று சொல்லம்மா: கேனிலுள்ள அமிலம் தோலைப் பொசுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரை முதலில் எடுத்து அதில் அமிலத்தை ஊற்றச் சொல்.