அதிரினலினைக் கொட்டும் கட்டி

மட்டக்களப்பிலோ களுவாஞ்சிகுடியிலோ பிரசர் கிளினிக் வரிசையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் நின்றால், அவரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: தலையிடி, வேர்வை, நெஞ்சுப் படபடப்பு மூன்றும் ஒன்றாக வந்து, சற்று நேரத்தில் தானாக அடங்குகிறதா? கிளினிக்கில் அளந்தால் பிரசர் சரியாக இருக்கலாம். வருத்தம் வந்த நேரத்தில் 200ஐத் தாண்டலாம். வெறும் பயம் என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

பியோக்குரோமோசைட்டோமா இப்படித்தான் நடந்துகொள்ளும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அதிரினல் சுரப்பியின் உட்பகுதியில் வளரும் அரிய கட்டி இது. நாய் துரத்தும்போது சுரக்க வேண்டிய அதிரினலினையும் நோரதிரினலினையும் கேட்பாரில்லாமல் கொட்டும். குனிந்தாலே போதும், சிலருக்குத் தொடங்கிவிடும்.

இக்கட்டி வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பரம்பரையலகு ஒன்று பிறவியிலேயே பழுது. உதாரணத்துக்கு வி.எச்.எல். பரம்பரையலகு. ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போது, ஒட்சிசன் பஞ்சத்துக்கான புரதத்தை அழிக்கச் சொல்லி அடையாளமிடுவது இதன் வேலை. ஒரு பிரதி பெற்றோரிடமிருந்தே பழுதாக வந்து, சுரப்பிக் கலமொன்றில் மற்றதும் கெட்டுப்போனால், அந்தக் கலம் நல்ல மூச்சிலும் மூச்சுத் திணறுவதாக நினைத்துக்கொள்ளும். இரத்தக் குழாய்களை வரவழைத்துப் பெருகும். உடலில் பால்கோப்பி நிறப் புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு வேறொரு பரம்பரையலகு, என்.எஃப்.1, காரணமாகலாம்.

கண்டுபிடிக்க 24 மணி நேரச் சிறுநீர் உதவும். காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் ஆய்வுகூடம் தந்த கானில் சேர்க்க வேண்டும். கட்டி தன் ஓமோனைத் தனக்குள்ளேயே சிதைத்து மெட்டனெஃப்ரின்களாக ஓயாமல் கசியவிடுவதால், வருத்தம் வராத நாளிலும் அகப்பட்டுவிடும்.

கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு முன், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அல்பா தடுப்பான் குளிசை ஒன்றிரண்டு வாரம். நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்பான் அதற்குப் பிறகுதான். முந்தினால் பிரசர் இன்னும் எகிறும்.

இனி, இந்தக் கட்டி உள்ளவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தால்? கப்போசி சார்க்கோமா என்ற புற்றுநோயைக் கொண்டுவருவது போல எச்.ஐ.வி. இந்தக் கட்டியைக் கொண்டுவருவதில்லை. சிக்கல் மருந்தில் இருக்கிறது. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ரிட்டோனாவிர் ஈரலின் ஒரு நொதியத்தை முடக்குகிறது. அதே நொதியம் கரைக்க வேண்டிய அல்பா தடுப்பானான டொக்சாசோசின் உடலில் தேங்கி, பிரசர் தடாலென விழலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ரிட்டோனாவிர் எடுப்பவர் ஆஸ்துமாவுக்கு ஃபுளூட்டிகசோன் இழுத்தால், அந்த ஸ்டிரொய்ட் இரத்தத்தில் சேர்ந்து முகம் உப்பும், வயிறு பெருக்கும். பார்த்தால், அதிரினல் சுரப்பியின் இன்னொரு ஓமோனான கோட்டிசோலைச் சுரக்கும் கட்டி மாதிரியே இருக்கும். சோதித்தால் கோட்டிசோல் அடிமட்டத்தில் கிடக்கும். கட்டி இல்லை, வெளியிலிருந்து வந்த ஸ்டிரொய்டால் சுரப்பி உறங்கிவிட்டது. அப்புறம் இன்ஹேலரைத் தானாக, திடீரென நிறுத்தவும் கூடாது. சுரப்பி எழும்ப வாரங்கள், மாதங்கள்கூட எடுக்கும். அதுவரை வைத்தியர் மாற்று ஸ்டிரொய்ட் கொடுத்துத் தாங்க வேண்டியிருக்கும்.