கரையில் நட்ட மண்வெட்டி

இடைக்கால நெதர்லாந்தின் கரையோர ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரையில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. இயலாதவர் தம் மண்வெட்டியைக் கரையில் குத்திவைத்துவிட்டு ஊரைவிட்டே போக வேண்டும். அதைப் பிடுங்கியவருக்கு அவருடைய நிலம் சேரும். கரையைக் காக்கும் கடமையும் கூடவே வரும்.

இவ்வளவு கடுமைக்குக் காரணம் மண். நாட்டின் மேற்கே பெரும்பகுதி ‘பீட்’ எனப்படும் சதுப்பு மண். நீரில் மூழ்கி, முழுதும் மக்காமல் கிடந்த செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவானது அது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கடற்பஞ்சைப் போல நீர் வடியும். கி.பி. 1000 வாக்கில் மக்கள்தொகை பெருகியபோது, வாய்க்கால் வெட்டி நீரை வடித்து அங்கே பயிரிட்டார்கள். நீர் போனதும் பீட் சுருங்கியது. நீர் இருந்த இடத்தில் காற்று புகவே, நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக மாற்றின. உழுத மண்ணே மெல்ல மெல்லக் காற்றோடு போயிற்று! நிலம் தாழ்ந்து மறுபடி ஈரமாயிற்று. வாய்க்காலை இன்னும் ஆழப்படுத்தினார்கள். நிலம் இன்னும் தாழ்ந்தது. கடைசியில் வயல், ஆற்றுக்கும் கடலுக்கும் கீழே போய்விட்டது. பிறகு கரை கட்டாமலும், 15ஆம் நூற்றாண்டு முதல் காற்றாலை வைத்து நீரை இறைக்காமலும் அங்கே வாழ முடியவில்லை.

இதைத் தனியொருவர் செய்ய முடியாது. ஒருவர் பங்கில் கரை உடைந்தால் ஊரே மூழ்கும். ஆகவே 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் உருவாகின. வரி விதித்தன, கரையைச் சோதித்தன, தவறியவரைத் தண்டித்தன. நெதர்லாந்து என்றொரு நாடு பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இவை இயங்கின. அரசு என்றால் மேலிருந்து இறங்கி வருவது என்றே நாம் பழகிவிட்டோம். இங்கே அதன் ஒரு பகுதி சேற்றிலிருந்து முளைத்திருக்கிறது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது இதுதான்.

ஊர் வாரியங்களுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1953 பிப்ரவரி முதல் தேதி அதிகாலையில் வடகடல் புயல் கரைகளை உடைத்தது; நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் மைய அரசு கடல்வாய்களை மூடும் பெருந்திட்டத்தை முன்னெடுத்தது. இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த சிறு வாரியங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று 21 ஆகியுள்ளன. நாட்டின் கால்பகுதி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது; ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையமே 1852-ல் நீர் இறைத்து வற்றவைத்த ஏரியின் தரையில்தான் நிற்கிறது.

வாரியங்களுக்கு இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. வாய்க்காலில் நீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது வாரியம். பால் பண்ணைக்காரருக்கு மட்டம் தாழ வேண்டும். இல்லையென்றால் மாடும் டிராக்டரும் சேற்றில் புதையும். பழைய வீட்டுக்காரருக்கோ மட்டம் உயர்ந்தே இருக்க வேண்டும். நீர் இறங்கினால் அஸ்திவாரத்து மரத்தூண்களில் காற்றுப் பட்டு அவை உளுத்துப்போகும். மட்டம் தாழத் தாழ பீட்டும் கரைகிறது, நிலமும் அமிழ்கிறது. ஆகவே அந்த மன்றங்களில் இன்றும் சில சென்டிமீட்டர் நீருக்காக வாதாடுகிறார்கள்.