குருமனையின் காற்றும் நீரும் மண்ணும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்தை அடுத்து நிற்கும் பழைய குருமனைகளில், அதாவது குருவானவர் குடியிருக்கும் வீடுகளில், பல விக்டோரியா அரசியின் காலத்தில் எழுந்தவை. குருவானவர் தம் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியான சேகரத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்று 1838ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்தியது அதற்கு ஒரு காரணம். மின்சாரமும் குழாய்நீரும் எட்டாத ஊரில் ஒரு குடும்பமும் பணியாளர்களும் குதிரைகளும் வாழ வேண்டியிருந்ததால், எந்த அறை எங்கே அமைய வேண்டும் என்பதில் அழகுக்கு இணையாக வெப்பம், ஈரம், நாற்றம் ஆகிய மூன்றும் கருதப்பட்டன. கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் 1840களில் கோல்பிட் ஹீத் என்னும் ஊரில் கட்டிய குருமனையில், சன்னல்கள் சமச்சீராக அடுக்கப்படாமல் உள்ளறையின் தேவைக்கேற்ப வைக்கப்பட்டிருப்பதும் பெரிய புகைபோக்கிகள் மறைக்கப்படாமல் நிற்பதும் தேவையை மறைக்காத இந்த நேர்மையைக் காட்டுகின்றன.

அடுப்பில் சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து மேலெழும்போது, அதன் இடத்தை நிரப்ப அறையின் காற்று அடுப்பை நோக்கி இழுக்கப்படுகிறது. புகைபோக்கி உயர உயர இந்த இழுவை வலுக்கும். புகையோடு பெரும்பங்கு வெப்பமும் வெளியேறிவிடுவதால், புகைக்குழாய்களை வீட்டின் உட்சுவர்களில் சேர்த்துக் கட்டினால், சூடேறிய செங்கல்லின் வெப்பமாவது அறைகளுக்குக் கிடைத்தது. இதற்கு நேர்மாறாக, உணவு வைக்கும் அறை வெயில் படாத வடக்குப் பக்கத்தில் அமைந்தது. அங்கிருந்த பலகைக்கல் தட்டுகள் மெதுவாகவே சூடேறும். சன்னலின் கம்பிவலை ஈக்களைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டது.

பின்முற்றத்தில் குதிரை லாயமும் வண்டிக்கொட்டகையும் இருந்தன. லாயத்தின் மேல் பரணில் சேர்த்த வைக்கோலைத் தரையிலுள்ள திறப்பு வழியே கீழே தள்ளினால் போதும். துணி துவைக்கும் அறைக்குக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைச் சேமித்தார்கள். கால்சிய உப்புகள் இல்லாத அந்த நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும்.

ஆனால் இந்தப் பின்முற்றத்தில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது கழிப்பறைதான். டோர்செட் மாவட்டத்தின் ஃபோர்டிங்டனில் குருவானவராக இருந்த ஹென்றி மூல், 1854இல் தம் மக்களைக் காலரா வாட்டியதை நேரில் கண்டவர். 1859ஆம் ஆண்டுக் கோடையில், தம் வீட்டு மலக்குழி அண்டை வீட்டாருக்கும் தொல்லை என்று உணர்ந்து அதை மூடிவிட்டு, குடும்பத்தாரை வாளிகளைப் பயன்படுத்தச் சொன்னார். தோட்டத்தில் ஆழமில்லாத பள்ளங்களில் புதைத்த கழிவு மூன்று, நான்கு வாரங்களில் சுவடின்றி மறைந்திருந்தது. மண்ணின் மேலடுக்கில் காற்று ஊடுருவுவதால், அங்குள்ள நுண்ணுயிரிகள் கழிவை விரைந்து சிதைத்துவிடுகின்றன. ஆழமான குழியில் காற்றில்லாமல் அது அழுகி நாறுகிறது, கிணற்று நீரிலும் கசிகிறது.

இதிலிருந்து பிறந்து 1860இல் காப்புரிமை பெற்ற மண் கழிப்பறையில், இருக்கைக்குப் பின்னால் சலித்த உலர்மண் நிறைந்த பெட்டி இருந்தது. கைப்பிடியை இழுத்தால் அளவான மண் வாளியில் விழுந்து கழிவை மூடும். களிமண்ணும் மட்கிய பொருள்களும் கலந்த மண் ஈரத்தை உறிஞ்சி அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். வெறும் மணலுக்கு அந்தத் திறன் குறைவு. ஈரமான மண் எதையும் உறிஞ்சாது என்பதால், மழை ஓயாத நாட்டில் மண்ணை உலர்த்திச் சலிக்க மூல் தனியே ஒரு கொட்டகை போட்டார். பயன்படுத்திய மண்ணை மறுபடி உலர்த்திப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதையும் கண்டறிந்தார்.